போர்க்களத்துக்குப் பிந்தி வந்த கோட்டு

சீன நாட்டில் 2023-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு விந்தை நடந்தது.

கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் பழைய காலத்து ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள். பச்சை நிறம். உள்ளே பஞ்சு. முழங்காலைத் தாண்டித் தொங்கும் நீளம். 1970-ம் ஆண்டுகளில் அவர்களுடைய தாத்தாக்கள் எதைப் போட்டுக்கொண்டு குளிர் காய்ந்தார்களோ, அதே மாதிரிக் கோட்டு!

காரணம் என்ன?

வாத்து இறகு அடைத்த நாகரிகக் கோட்டுகளின் விலை அங்கே ஏறிக்கொண்டே போயிற்று. 7 ஆயிரம் யுவானுக்குக்கூட ஒரு கோட்டு விற்கிறது என்று செய்தி வந்தது. நம் பணத்தில் 80 ஆயிரம் ரூபாய்! படிக்கிற பையன் அதற்கு எங்கே போவான்? ராணுவக் கோட்டோ சுமார் 100 யுவான்தான். அதாவது 1,200 ரூபாய்க்குள். குளிரும் அடங்கிற்று, பணமும் மிஞ்சிற்று. நாலு பேர் போட்டார்கள். போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். அவ்வளவுதான், அதுவே நாகரிகம் ஆகிவிட்டது.

சீனாவில் அந்த ஆண்டு ஜூன் மாதம் 16 வயது முதல் 24 வயது வரை உள்ளவர்களில் வேலை இல்லாதவர்கள் நூற்றுக்கு 21.3 பேர் என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. ஆகஸ்டு மாதம் அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. ஆகவே, பிள்ளைகள் தாத்தா கோட்டை மாட்டியதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பை காலி என்பதைக் கௌரவமாகச் சொல்ல அது ஒரு வழி.

ஆனால் மலிவு ஒன்றே காரணம் என்றால் விஷயம் அதோடு முடிந்துவிடும். இதே மோகம் லண்டனில் இருக்கிறது, டோக்கியோவில் இருக்கிறது, நியூயார்க்கில் இருக்கிறது. அங்கெல்லாம் பழைய ராணுவக் கோட்டு மலிவே அல்ல. நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய அமெரிக்கக் கோட்டுக்குப் புதுக் கோட்டைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். கிழிசல் இருந்தாலும் கொடுக்கிறார்கள்.

மார்கழி மாதத்தில் ஒரு போர்வை போதும் என்று இருக்கும் நமக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம்தான். புரிந்துகொள்ள, கொரியா தேசத்து ஏரி ஒன்றுக்குப் போக வேண்டும்.

ஏரிக்கரையில் நடந்தது

கொரியா யுத்தம் 1950-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி தொடங்கியது. நவம்பர் மாதத்துக்குள் அமெரிக்கத் துருப்புகள் வடகொரியாவுக்குள் வெகுதூரம் போய்விட்டன. "கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பையன்கள் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்கிற பேச்சு எழுந்தது. தளபதி மெக்ஆர்தரே அந்த நம்பிக்கையை ஊட்டினார்.

வடக்கே மலைகளுக்கு நடுவே சாங்ஜின் என்று ஓர் ஏரி. அமெரிக்கர்கள் அதைச் சோசின் என்று சொன்னார்கள். நவம்பர் 27-ந் தேதி இரவு அங்கே சீனப் படைகள் பாய்ந்தன. உள்ளே இருந்தவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். சூழ்ந்துகொண்டவர்கள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். இரண்டு வாரத்துக்கு மேல் சண்டை நடந்தது.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஓர் எதிரி இருந்தான். குளிர்!

இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் இறங்கிற்று. துப்பாக்கி எண்ணெய் உறைந்தது. டப்பாவில் இருந்த உணவு கல்லாகிவிட்டது. காயம் பட்டவனுக்கு வலி தெரியாமல் இருக்கப் போடும் மார்பின் மருந்தும் உறைந்துபோயிற்று. வைத்தியச் சிப்பாய்கள் அந்த மருந்துக் குழாயை வாயில் அடக்கி வைத்து உருக்கினார்கள்.

அமெரிக்கர்களிடம் கனத்த கோட்டு இருந்தது. ஆனால் பாதரட்சை காலை வாரிவிட்டது. அது ரப்பர் போட்ட பூட்சு. நடந்தால் உள்ளே வியர்க்கும். நின்றால் அந்த வியர்வையே பனிக்கட்டி ஆகும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரல்கள் கருகிப்போயின. பனிக்கடி என்பது தீக்கடிக்குக் குறைந்தது அல்ல.

சீனர்களின் கதி இன்னும் கொடுமை. அந்தப் படை, தைவான் தீவின்மீது இறங்குவதற்காகக் கிழக்குக் கடற்கரையில் வைத்திருந்த படை. அவசரம் அவசரமாக ரயில் ஏற்றிக் கொரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மெல்லிய பஞ்சுச் சட்டை. காலில் கித்தான் செருப்பு. பனிக்கடியால் விழுந்தவர்கள் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர். ஆயிரக்கணக்கானவர்கள் இருந்த இடத்திலேயே விறைத்துச் செத்தார்கள். பதுங்கி இருந்து சுடுவதற்காகப் பனியில் படுத்த ஒரு கம்பெனி, துப்பாக்கியை நீட்டியபடியே மொத்தமாக உறைந்து கிடந்தது என்று சீனாவில் சொல்கிறார்கள். அதற்குப் "பனிச்சிலைக் கம்பெனி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சண்டையை வைத்து 2021-ல் ஒரு சினிமா எடுத்தார்கள். சீனாவில் அதுவரை வந்த எல்லாப் படங்களையும்விட அதிக வசூல்! அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையாளர் பனிச்சிலைக் கம்பெனியைப் பற்றிக் கேலியாக எழுதிவிட்டார். அவரைப் பிடித்து வழக்குப் போட்டு, 2022 மே மாதம் 7 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

அடுத்த ஆண்டுதான் மாணவர்கள் பஞ்சுக் கோட்டு மாட்டிய செய்தி வருகிறது. நல்ல கோட்டு இல்லாமல் செத்தவர்களைக் கேலி செய்தால் சிறை; அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தால் நாகரிகம். ஒரே நாட்டில், இரண்டு ஆண்டு இடைவெளியில்!

ஐஸ் கட்டியும் மரத்தூளும்

ஏரிக்கரைச் சண்டை நடந்த குளிர்காலத்துக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் புதிய கோட்டு ஒன்றை வரிசையில் சேர்த்தது. "எம் 51" என்று பெயர். 1951-ம் ஆண்டின் மாதிரி என்பது பொருள். உலகம் முழுவதும் இன்று தேடி அலைகிற கோட்டு இதுதான்.

இதைப் "பார்க்கா" என்கிறார்கள். இது ஆங்கிலச் சொல்லே அல்ல. சைபீரியாவின் வடகோடியில் மான் மேய்க்கும் நெனெட்ஸ் என்ற மக்களின் சொல். ரஷியர் வாயிலாக அலாஸ்கா தீவுகளுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பெயர் மட்டுமா? தலைமூடியும், அதன் விளிம்பில் ஓநாய் ரோமம் வைப்பதும், உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று தைப்பதும் வடதுருவ மக்கள் பல தலைமுறையாகக் கண்டுபிடித்தவை. ராணுவ நிபுணர்கள் புதிதாகக் கண்டது குறைவு. கற்றுக்கொண்டது அதிகம்.

குளிரைத் தடுப்பது துணி அல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. நம் ஊர் ஐஸ் வியாபாரி இதை அறிவான். ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து, சாக்கைச் சுற்றி வைக்கிறான் அல்லவா? மரத்தூளுக்கு இடையே சிக்கிய காற்று, வெளி வெப்பத்தை உள்ளே விடாது. மனிதன் விஷயத்தில் தலைகீழ்: உள் வெப்பத்தை வெளியே விடக்கூடாது. ஆகவே ஒரே கனத்த கோட்டைவிட, மெல்லியதாக நாலு சட்டை மேலுக்கு மேல் போட்டால் நல்லது. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு காற்றுப் படலம் நிற்கும். வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். பனிமலையில் வியர்வை எமன் என்பதைத்தான் பார்த்தோமே!

எம் 51 எல்லாவற்றுக்கும் மேலே போடுகிற உறை. அதனால்தான் அவ்வளவு பெரிது. உள்ளே தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மெத்தென்ற உள்சட்டை. வெளியே காற்றுப் புகாத நெருக்கமான நெசவு. இடுப்பில் ஒரு கயிறு. கீழ்விளிம்பில் ஒரு கயிறு. பின்பக்கம் நடுவே பிளந்து, மீனின் வால்போல இரண்டாகத் தொங்கும். அந்த இரண்டு வாலையும் தொடையைச் சுற்றிக் கட்டிவிட்டால், கீழே இருந்து காற்று ஏறாது. "மீன்வால் பார்க்கா" என்ற பெயர் இப்படி வந்தது.

காற்றுக்கு ஏன் இவ்வளவு பயம்? பால் சைப்பிள் என்று ஓர் அமெரிக்கர். சாரணச் சிறுவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1928-ல் பேர்டு என்பவரின் கூட்டத்தோடு தென்துருவம் போனவர். பெரியவர் ஆனதும் மறுபடி அங்கே போனார். ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டார். காற்று எவ்வளவு வீசினால் தண்ணீர் எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று சக ஆராய்ச்சியாளர் ஒருவரோடு சேர்ந்து கணக்குப் போட்டார். அதே குளிர்தான்; காற்று வீசினால் பல மடங்கு வேகமாக உறைகிறது! இன்று வானிலை அறிக்கையில் "காற்றுக் குளிர்" என்று தனியாக ஒரு எண் சொல்கிறார்களே, அது அந்தக் குழாய்த் தண்ணீரிலிருந்து பிறந்தது. இந்த சைப்பிள் இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தின் உடை ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர்.

ஆக, கோட்டில் உள்ள ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அலங்காரம் என்று ஒரு தையல் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட் வாலிபர்கள்

கொரியாவில் 1953 ஜூலை 27-ந் தேதி சண்டை நின்றது. எம் 51 கோட்டு முழுவேகத்தில் தைத்து முடிவதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. கிடங்கு கிடங்காகக் கோட்டு மிஞ்சிற்று. ராணுவம் என்ன செய்யும்? வைத்திருந்து பார்த்து, பிறகு ஏலம் போட்டது. வியாபாரிகள் மூட்டை மூட்டையாக வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள்.

லண்டனில் 1960-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு வாலிபர் கூட்டம் கிளம்பிற்று. "மாட்" என்று பெயர். நம் ஊர் மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "மாடர்ன்" என்பதன் சுருக்கம். இத்தாலி பாணியில் கச்சிதமாகத் தைத்த சூட். கால்களுக்கு அடியில் வெஸ்பா அல்லது லாம்பிரெட்டா ஸ்கூட்டர். சம்பளம் எல்லாம் சூட்டுக்குப் போய்விடும். அந்த சூட் லண்டன் மழையிலும் ஸ்கூட்டர் கிரீசிலும் நாசமாகலாமா? மேலே போட்டுக்கொள்ள மலிவாக, பெரிதாக ஒரு உறை வேண்டும். கடையில் தொங்கியது எம் 51.

கொரியாவில் சிப்பாயின் உயிரைக் காக்கச் செய்த உறை, லண்டனில் சூட்டின் மடிப்பைக் காத்தது!

இந்த வாலிபர்கள் 1964-ல் கிளாக்டன், பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்களில் "ராக்கர்" என்ற மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு அடிதடியில் இறங்கினார்கள். பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. ஸ்டான்லி கோயன் என்ற சமூகவியல் அறிஞர், பத்திரிகைகள் ஒரு பூதத்தை உண்டாக்கியது எப்படி என்று 1972-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அந்தப் போட்டோக்கள் நிலைத்துவிட்டன. 1979-ல் வந்த "குவாட்ரோபீனியா" என்ற சினிமா, பார்க்காவையும் ஸ்கூட்டரையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகு ஓயாசிஸ் பாட்டுக் கோஷ்டியின் லியாம் கல்லகர் மேடையில் பார்க்காவோடு நின்றே பெயர் எடுத்தார்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பது இல்லை. பிரிட்டனில் வாலிபர்கள் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேரவேண்டும் என்ற சட்டம் இருந்தது. அதற்கு ஆள் எடுப்பது 1960-ம் ஆண்டு முடிவோடு நின்றது. அண்ணன்மார் ராணுவ உடையை வேண்டாவெறுப்பாக மாட்டினார்கள். தம்பிமார் காசு கொடுத்து வாங்கி மாட்டினார்கள். போட்டுத்தான் ஆகவேண்டும் என்பது போன பிறகுதான் அந்த உடைக்கு ருசி வந்தது.

ஜப்பானிலும் இதுதான் கதை. 1997-ல் அங்கே டெலிவிஷனில் ஒரு போலீஸ் தொடர் வந்தது. கதாநாயகன் அவோஷிமா என்ற துப்பறியும் அதிகாரி. பச்சை நிற எம் 51 கோட்டுதான் அவருடைய அடையாளம். மறு ஆண்டு சினிமாவாகவும் வந்து சக்கைப்போடு போட்டது. ஜப்பானில் பழைய எம் 51 கோட்டுக்கு ஒரே கிராக்கி! இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, போரை அரசியல் சட்டத்திலேயே துறந்த நாடு அது. அங்கே சில கம்பெனிகள், அசல் கோட்டைப் பிரித்து நூல், பல்பட்டை, துணி முதல் பார்த்து அதேபோலப் புதிதாகச் செய்கின்றன. அந்த நகலின் விலை, சிப்பாய்க்குச் செய்த அசலின் அடக்க விலையைப்போல எத்தனையோ மடங்கு.

யுத்தம் வேண்டாம் என்றவர்கள்

இன்னொரு வேடிக்கை. யுத்தத்தை எதிர்த்தவர்களும் இதே கோட்டுகளைத்தான் போட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் டஃபிள் என்ற முரட்டுக் கம்பளிக் கோட்டுப் போட்டார்கள். பொத்தானுக்குப் பதில் மரக்கட்டையும் கயிறும். கையுறையைக் கழற்றாமலே மாட்டலாம். தளபதி மாண்ட்கோமரிக்கும் அது பிரியம். யுத்தம் முடிந்து மிஞ்சிய டஃபிள் கோட்டுகளை விற்ற ஒரு குடும்பம், சரக்குத் தீர்ந்ததும் தாங்களே "குளோவரால்" என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கிற்று. வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் மாணவர்கள். 1958-ல் அணுகுண்டு வேண்டாம் என்று லண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டன் வரை நடந்த ஊர்வலத்தில் டஃபிள் கோட்டுகள் ஏராளம்.

அமெரிக்காவில் "எம் 65" சட்டைக்கும் அதே கதி. வியத்நாம் யுத்த காலத்துச் சட்டை அது. 1971 ஏப்ரல் மாதம் வாஷிங்டனில், வியத்நாமில் போராடித் திரும்பிய சிப்பாய்கள் தங்கள் பதக்கங்களைப் பார்லிமெண்டுப் படிக்கட்டுப் பக்கம் வீசி எறிந்தார்கள். பதக்கத்தை எறிந்தார்கள், பட்டாள உடையைக் கழற்றவில்லை. 1976-ல் "டாக்சி டிரைவர்" படத்தில் ராபர்ட் டி நீரோ அந்த எம் 65 சட்டையோடு வந்த பிறகு, அது தெருவுக்குத் தெரு தென்பட்டது.

என்ன வசியம்?

போர் வெறியும் அல்ல. போர் எதிர்ப்பும் அல்ல. அப்படியானால் என்ன வசியம் இதில்?

கடையில் உள்ள மற்ற எல்லாப் பொருளும் நம்மிடம் விற்பதற்காகச் செய்தவை. இந்த ஆண்டு வாங்கி, அடுத்த ஆண்டு அலுத்துப்போய், வேறு வாங்கவேண்டும் என்பது வியாபாரியின் கணக்கு. ராணுவக் கோட்டு அப்படிச் செய்தது அல்ல. அதைச் செய்தவனுக்கு நம் ரசனையைப் பற்றிக் கவலையே இல்லை. இந்தக் கயிறு அறுந்தால் ஒருவன் விரல் போகும், உயிர் போகும் என்ற ஒரே கவலைதான். அந்தக் கவலை தையலில் தெரிகிறது. போட்டுப் பார்க்கிறவனுக்கு அது புரிகிறது. தனக்காக யாரோ பயந்திருக்கிறார்கள் என்ற ஒரு பத்திர உணர்ச்சி! ஆபத்து இல்லாமல் அந்தப் பாதுகாப்பு மட்டும் கிடைக்கிறது.

வீரம், ஆண்மை, சாகசம் என்று விளம்பரக்காரர்கள் சொல்வதை நாம் அவ்வளவாக நம்பவேண்டியது இல்லை. அதெல்லாம் விலையை ஏற்றப் பின்னால் சேர்த்த மசாலா.

பழைய கோட்டு சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது வெளிப்பக்கத்தை அல்ல. உள்ளே தைத்திருக்கும் சிறிய துணிச் சீட்டைத்தான். ஒப்பந்த எண், ஆண்டு, அளவு, எப்படி அணியவேண்டும், எப்படி வெளுக்கவேண்டும் எல்லாம் அதில் அச்சாகி இருக்கும். அசலா, நகலா என்று காட்டிக்கொடுப்பது அது. கறை இல்லாத, கசங்காத, ஒரு தடவைகூட உடுத்தாத கோட்டு கிடைத்துவிட்டால் புதையல் கிடைத்ததுபோல மகிழ்கிறார்கள்.

அங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ஒரு தடவைகூட உடுத்தாத கோட்டு என்றால், எந்தச் சிப்பாய்க்காகச் செய்தார்களோ அவனுக்கு அது போய்ச் சேரவில்லை என்றுதானே அர்த்தம்? ஏரிக்கரையில் விறைத்தவனுக்கு எம் 51 கிடைக்கவில்லை. அவன் விறைத்ததால்தான் அவ்வளவு அவசரமாக, அவ்வளவு அதிகமாக அது தைக்கப்பட்டது. கடையில் புதுமெருகு குலையாமல் தொங்குவது, போர்க்களத்துக்குப் பிந்தி வந்த கோட்டு.

ஹிட்லரின் பிசகு

இது அமெரிக்கர் மட்டும் செய்த பிசகு அல்ல. 1941 ஜூன் 22-ந் தேதி ஹிட்லர் ரஷியாமீது படை எடுத்தான். பனிக்காலத்துக்கு முன் வேலை முடிந்துவிடும் என்பது அவன் கணக்கு. முடியவில்லை. குளிர்கால உடையில் பெரும் பகுதி ரயில் வண்டி இல்லாமல் போலந்தில் தேங்கிக் கிடந்தது. ஜெர்மன் சிப்பாய்கள் மாஸ்கோ வாசலில் செய்தித்தாளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நின்றார்கள். லட்சம் பேருக்கு மேல் பனிக்கடி! டிசம்பர் 20-ந் தேதி பிரசார மந்திரி கோயபல்ஸ் ரேடியோவில் பேசி, வீட்டில் உள்ள கம்பளியையும் ரோமக் கோட்டையும் கொடுங்கள் என்று ஜனங்களிடம் கை ஏந்தினார். அந்தக் குளிர்காலத்தைத் தாங்கியவர்களுக்கு அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுத்தது. சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் "உறைந்த இறைச்சிப் பதக்கம்"!

அதே ரஷியா 2022-ல் என்ன செய்தது? உக்ரைன்மீது பிப்ரவரி 24-ந் தேதி படை எடுத்தது. செப்டம்பரில் புதிதாக ஆள் திரட்டியது. வந்தவர்களுக்குக் குளிர்கால உடை போதவில்லை. குடும்பத்தார் கடைகளில் வாங்கிக் கொடுத்தார்கள். கணக்கில் இருந்த 15 லட்சம் ஜதை உடுப்புகள் எங்கே போயின என்று ரஷியப் பார்லிமெண்டு அங்கத்தினரும் முன்னாள் தளபதியுமான குருல்யோவ் பகிரங்கமாகக் கேட்டார். ராணுவத் தளவாடங்களுக்குப் பொறுப்பான துணை மந்திரி புல்ககோவ் அந்த மாதமே விலக்கப்பட்டார். 2024 ஜூலையில் ஊழல் வழக்கில் கைதானார்.

எதிர்த் தரப்பில் வேறு காட்சி. உக்ரைன் ஜனாதிபதி ஜெலன்ஸ்கி உடுத்திய பச்சை நிற மெத்துச் சட்டை ஒன்றை 2022 மே மாதம் லண்டனில் ஏலம் விட்டார்கள். 90 ஆயிரம் பவுனுக்குப் போயிற்று! சாதாரணக் கடைச் சட்டைதான் அது. பணம் நிவாரணத்துக்குப் போயிற்று என்பதால் குறை சொல்வதற்கு இல்லை. முன்பெல்லாம் யுத்தம் முடிந்து பத்தாண்டு கழித்துத்தான் உடைக்கு மவுசு வரும். இப்போது யுத்தம் நடக்கும்போதே வந்துவிடுகிறது.

நம் நாட்டுக் கதை

நம் நாட்டுக்கு வருவோம். 1962 அக்டோபரில் சீனா தாக்கியபோது, 14 ஆயிரம் அடிக்கும் மேலே அனுப்பப்பட்ட நம் ஜவான்கள் பலர் பருத்திச் சட்டையும் கித்தான் பூட்சும் போட்டிருந்தார்கள். நாடு முழுவதும் பெண்கள் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். பெருமைப்படவேண்டிய விஷயம்தான். ஆனால் கோயபல்ஸ் ரேடியோவில் கேட்டதும் இதைத்தான் என்று நினைத்தால் மனம் கசக்கிறது. யுத்தம் வந்த பிறகு வீட்டில் பின்னுகிற கம்பளி, யுத்தத்துக்கு முன் கிடங்கில் இருந்திருக்கவேண்டியது.

நவம்பர் 18-ந் தேதி லடாக்கில் ரெசாங் லா கணவாயில் 13-வது குமாவுன் பட்டாளத்தின் ஒரு கம்பெனி கடைசிவரை நின்று போராடிற்று. மேஜர் ஷைத்தான் சிங்கும் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் மாண்டார்கள். 1963 பிப்ரவரியில்தான் உடல்கள் கிடைத்தன. பலர் துப்பாக்கியைப் பிடித்த கை பிடித்தபடி உறைந்திருந்தார்கள். சீனர் சொல்லும் பனிச்சிலைக் கதைக்கும் இதற்கும் இடையே 12 ஆண்டுதான்.

அடிபட்ட பிறகு புத்தி வந்தது என்றே சொல்லவேண்டும். சியாச்சின் பனிமலை விஷயத்தில் கோட்டே ஒற்றனாக வேலை செய்தது! 1980-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பாகிஸ்தான், பனிமலை உடைகளுக்கு லண்டன் வியாபாரி ஒருவரிடம் ஆர்டர் கொடுத்ததாம். அதே வியாபாரியிடம் இந்தியாவும் வாங்கிவந்தது. விஷயம் டெல்லிக்கு எட்டிவிட்டது. இவ்வளவு உடை எதற்கு? மலை ஏறத்தான்! ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். 1984 ஏப்ரல் 13-ந் தேதி நம் படை முந்திக்கொண்டு மேலே போய் நின்றது. அன்று போட்ட பனி உடுப்பு, வெளிநாட்டிலிருந்து முதல் நாள் மாலைதான் வந்து சேர்ந்தது என்பார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால்?

அதற்குப் பிறகும் குறை தீர்ந்தபாடில்லை. தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை ஒன்று 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. உயரமான மலைகளில் உள்ள வீரர்களுக்கு உடை வாங்குவதில் நாலு ஆண்டுவரை தாமதம் என்று அது சொல்லிற்று. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பனி பூட்சு இல்லாமல் பழைய பூட்சையே செப்பனிட்டுப் போட்டார்கள்; முகமூடியும் மேல்கோட்டும் பழைய மாதிரியில் வாங்கப்பட்டன என்றும் சொல்லிற்று. அது பழைய நிலை, இப்போது சரிசெய்துவிட்டோம் என்று ராணுவத் தரப்பில் பதில் வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் மூண்டது. ஆயிரக்கணக்கான வீரர்கள் லடாக்கில் குளிர்காலத்தைக் கழிக்கவேண்டி வந்தது. அப்போது அமெரிக்காவிடம் அவசரமாகப் பனி உடைகள் வாங்கினோம். அமெரிக்கக் கிடங்கு இந்தத் தடவை நம்மைக் காப்பாற்றிற்று.

இப்போது உள்நாட்டிலேயே செய்ய ஏற்பாடு நடந்திருக்கிறது. ராணுவ ஆராய்ச்சித் துறை தயாரித்த மூன்று அடுக்கு உடுப்பின் செய்முறை, 2021 டிசம்பரில் ஐந்து இந்தியக் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள். அதே காற்றுப் படலக் கணக்குத்தான். பஞ்சுக்குப் பதில் செயற்கை இழை.

நம் நாட்டில் ராணுவ உடுப்பைப் பொதுமக்கள் போடுவதும், கடைக்காரர்கள் விற்பதும் கூடாது என்று, பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு 2016 ஜனவரியில் ராணுவம் கேட்டுக்கொண்டது. ஆகவே லண்டன்போல இங்கே கோட்டு மோகம் வெளிப்படையாகப் பரவ வழி இல்லை. ஆனாலும் ஏலச் சரக்கு என்றைக்காவது கடைக்கு வரத்தான் செய்யும். இந்த மூன்று அடுக்குக் கோட்டில் ஒன்று, இருபது ஆண்டு கழித்து டெல்லிக் கடையில் தொங்கினால், வாங்குகிறவர் உள்ளே உள்ள சீட்டில் ஆண்டைப் பார்க்கட்டும். பிறகு முழங்கையையும் கழுத்துப் பட்டையையும் தடவிப் பார்க்கட்டும். தேய்ந்திருந்தால், அது நேரத்துக்கு மலை ஏறிய கோட்டு.